மொரீஷியஸில் கத்தோலிக்கக் காலேஜ்: இரண்டு பிள்ளைகள், பத்து வருடங்கள்

என் ஓர்ப்படியாளின் மகள் வருகிற ஜனவரியில் காலேஜ் சேர வேண்டும். “அக்கா, உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் கத்தோலிக்கக் காலேஜில்தானே படித்தார்கள், சேர்க்கலாமா?” என்று போன மாதம் கேட்டாள். சேர்க்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ‘காலேஜ்’ என்றால் ஆறாம் வகுப்பு முடித்த பதினொரு வயதுப் பிள்ளை போய்ச் சேருகிற உயர்நிலைப் பள்ளி. ஏழு வருடப் படிப்பு. ஐந்தாம் வருடம் எஸ்.சி. என்கிற ஸ்கூல் சர்டிஃபிகேட், ஏழாம் வருடம் எச்.எஸ்.சி. என்கிற ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட், இரண்டும் கேம்பிரிட்ஜ் பரீட்சை. தலைமையாசிரியரை ரெக்டர் என்பார்கள். இப்போது கிரேடு 7 என்று சொல்கிற வகுப்புக்கு என் பிள்ளைகள் காலத்தில் ஃபார்ம் 1 என்று பெயர். மகள் 2010-இல் ஒரு பெண்கள் காலேஜில் சேர்ந்து 2016-இல் முடித்தாள். மகன் 2013-இல் வேறொரு காலேஜில் சேர்ந்து 2019-இல் முடித்தான். இரண்டும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துகிறவை, அரசு உதவி பெறுகிறவை. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர்களைச் சொல்லவில்லை.

நான் திருநெல்வேலிக்காரி. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்துவிட்டு 1996-இல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். இங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் கிறிஸ்தவக் கல்லூரி என்றால் எனக்குக் கொஞ்சமும் பயம் கிடையாது. காலையில் ஜெபத்தில் தோழிகளோடு சேர்ந்து கீர்த்தனை பாடுவேன், சாயங்காலம் நெல்லையப்பரைப் பார்க்கப் போவேன். இரண்டும் தமிழில்தான் நடந்தது. எங்கள் பக்கத்தில் சர்ச் என்றாலே தமிழ் கேட்கும். கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் கொண்டுவந்தவர். திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன போப் ஐயர் சாயர்புரத்தில் பாடம் நடத்தியவர். அதற்கெல்லாம் முன்பே, 1715-இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துவிட்டார். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, கிறிஸ்தவப் பள்ளியில் வேறு எது குறைந்தாலும் தமிழ் குறையாது என்று மனதில் பதிந்துபோயிருந்தது. இங்கே வந்த பிறகும் அந்த நினைப்பை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

பயந்தவர் என் பெரிய மாமனார். கோயில் கமிட்டியில் இருந்தவர். “ஏழு வருடம் கழித்து நம் பிள்ளையை ஞானஸ்நானம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்” என்றார். அவர் பயத்தைத் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் தச்சர்களுமாக வந்தவர்கள் தொடங்கி, எத்தனையோ தமிழர்கள் இங்கே மதம் மாறியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பப் பெயரோடு ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதோடு, இந்தக் காலேஜ்களில் பாதி இடம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒரு தகப்பனார் வழக்குப் போட்டு, அது இந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 2004-இல்தான் அந்த ஒதுக்கீடு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. “நம்மை வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு நாமே போய் நிற்க வேண்டுமா?” என்று பெரியவர் கேட்டபோது என் கணவரால் பதில் சொல்ல முடியவில்லை.

சேர்த்த முதல் மாதமே சோதனை வந்தது. காலேஜ் திறந்தது ஜனவரி நடுவில்; அந்த வருடம் தைப்பூசம் ஜனவரிக் கடைசியில். இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. கொடியேற்றத்தன்று காப்புக் கட்டினால் பத்து நாள் விரதம். மகள் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துண்டு கோத்த நூலைக் கையில் கட்டியிருந்தாள். காலேஜ் வாசலில் ஒழுங்கு பார்க்கிற அம்மா ஒருவர், கையில் எதுவும் அணியக் கூடாது, அறுத்துப் போடு என்று சொல்லிவிட்டார். பிள்ளை அறுக்கவில்லை. கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டு நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது, வியர்வையில் மஞ்சள் ஊறி வெள்ளைக் கைக்குட்டையில் வளையல் மாதிரி கறை பிடித்திருந்தது. அந்தக் கைக்குட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். இவர் சண்டை போடத் தயாராகத்தான் வந்தார். ரெக்டர் எங்களை உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். இது நகை இல்லை, விரதம், அவிழ்க்கிற நாள் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று நான் சொன்னேன். மகளை வகுப்பிலிருந்து வரவழைத்து, அவள் கையைத் தன் கையில் எடுத்து அந்த நூலைப் பார்த்தார். “இதை மறைக்க வேண்டியதில்லை” என்றார். காவடி, மகாசிவராத்திரி போன்ற விரத நாட்களில் காப்பு, கயிறு, விபூதி எதையும் தடுக்கக் கூடாது என்று அந்த வாரமே ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அறிவிப்புப் போனது. அதன் பிறகு ஆறு வருடமும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வாசலில் நின்ற அந்த அம்மா கடைசி வரை என் மகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் முள்ளாகத்தான் இருக்கிறது.

மத விஷயத்தில் அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிற நேரத்தில் மற்றவர்களுக்கு வாழ்க்கை நெறி என்று ஒரு வகுப்பு நடக்கும். பூசைக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஃபார்ம் 2-இல் ஒரு நாள் மகள், செப்டம்பரில் வகுப்புத் தோழிகள் பேர் லவால் சமாதிக்கு நடந்து போகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டாள். 1841-இல் பிரான்சிலிருந்து வந்து, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஏழைகளோடு வாழ்ந்து 1864-இல் இங்கேயே மறைந்த பாதிரியார் அவர். செப்டம்பர் 8 இரவு தீவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் சாந்த் குருவாவுக்கு நடந்தே போவார்கள். நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அடுப்படியில் வடைக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்த என் மாமியார் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்: “நானும் வருகிறேன். உன் அப்பா ரெண்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது நான் அங்கே மெழுகுவத்தி ஏற்றியவள்.” கோர் த கார்த் மலைக் கோயிலில் நாற்பது வருடமாகக் காவடி எடுத்தவர் அவர். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து போய்விட்டு வந்தார்கள். பெரிய மாமனார் அதற்குப் பிறகு ஞானஸ்நானப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் காலேஜ் என் மகளுக்குக் கொடுத்ததில் நான் பெரிதாக நினைப்பது வேறு. ஃபார்ம் 4-இல் மாதம் இரண்டு தடவை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போவார்கள். முதல் முறை போய்விட்டு வந்து, நாற்றம் தாங்கவில்லை, இனி போக மாட்டேன் என்று அழுதாள். வகுப்பாசிரியை திட்டவும் இல்லை, விடவும் இல்லை. “அடுத்த தடவை ஒரே ஒரு பாட்டியோடு மட்டும் உட்கார்ந்திரு, போதும்” என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறை போகும்போது மகள் என்னிடம் நகவெட்டி கேட்டாள். பக்கவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன ஒரு கிழவிக்கு நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம். ஒவ்வொரு விரலாக வெந்நீரில் நனைத்துப் பிரித்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வந்தாள். இன்றைக்கு அவள் பிசியோதெரபிஸ்ட். இதை நாங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா என்று யோசித்தால், முடியாது என்றுதான் தோன்றுகிறது.

படிப்பு நன்றாகத்தான் இருந்தது. பிரெஞ்சும் ஆங்கிலமும் மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கில் ஒரு வருடம் ஆசிரியர் பாதியில் போய்விட, மற்றவர்களைப் போல நாங்களும் லெசோனுக்கு அனுப்பினோம். டியூஷனுக்கு இங்கே அதுதான் பெயர். உயர்நிலைப் படிப்புக்கு 1977 முதலே கட்டணம் கிடையாது, மாணவர்களுக்கு பஸ்ஸும் 2005 முதல் இலவசம். செலவெல்லாம் புத்தகம், சீருடை, லெசோன்.

இனி தமிழ்.

மகள் சேர்ந்தபோது ஃபார்ம் 1 தமிழ் வகுப்பில் ஒன்பது பேர். நூலகத்தின் மூலையில் ஒரு மேசை, அதுதான் வகுப்பறை. ஃபார்ம் 3-க்குள் ஐந்து பேராகிவிட்டார்கள். யாரும் தமிழை எடுக்காதே என்று சொல்லவில்லை. 2012 கடைசியில் பாடம் தேர்ந்தெடுக்கிற தாள் வீட்டுக்கு வந்தது. கட்டம் கட்டமாகப் பாடங்கள், ஒரு கட்டத்தில் ஒன்றுக்குத்தான் டிக் போடலாம். தமிழும் ஃபிசிக்ஸும் ஒரே கட்டத்தில் இருந்தன. சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மகள் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் நோட்டுகள் திருத்தாமல் கிடந்தன. ஃபிசிக்ஸுக்குப் போடு என்று நான்தான் சொன்னேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பால்குடத்துக்காக ரெக்டர் அறைக்குப் போன நாங்கள், இதற்குப் போகவில்லை. ஒரு நூலை அறு என்று சொன்னபோது கோபம் வந்தது. கால அட்டவணையில் ஒரு மொழி அறுந்தபோது அது யார் செய்த குற்றமாகவும் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் சர்ச் தமிழ் பேசியது. இங்கே அது பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரின் சரித்திரம் அப்படி. தமிழைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் தப்பு. ஆனாலும், பாடத்தை இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மாற்றிப் போட முடியுமா என்று ஒரு கேள்வி காலேஜ் தரப்பிலும் யாராவது கேட்டிருக்கலாம். ஐந்து பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு மகளை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பி, 2014-இல் எஸ்.சி.யில் தமிழையும் கூடுதல் பாடமாக எழுதவைத்தோம். கிரெடிட் வாங்கினாள். இப்போது எனக்குத் தமிழிலேயே மெசேஜ் அனுப்புவாள், ஒற்றுப்பிழையோடு.

மகன் விஷயம் அப்படி நடக்கவில்லை. அவன் காலேஜில் தமிழாசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. மூன்று நான்கு பிள்ளைகளுக்காக யாரும் கேட்டுப் போகவும் இல்லை, நாங்கள் உட்பட. மற்றபடி அவனுக்கு அது நல்ல இடம். கூச்சத்தில் வாயே திறக்காத பிள்ளையைக் கால்பந்து அணித் தலைவனாக்கி அனுப்பினார்கள். என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த வாரம் அவனுடைய இரண்டு ஆசிரியர்கள் வீடு தேடி வந்து, அவன் விட்ட பாடங்களை முன்னறையில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் நான் “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்டால் அவன் “வீ, அம்மா” என்கிறான். ‘வீ’ என்றால் ஆமாம். கேட்பது எல்லாம் புரிகிறது, பதில் கிரியோலில் வருகிறது. ‘அம்மா’ மட்டும் தமிழில் நிற்கிறது.

என் கணவரிடம் கேட்டேன், மறுபடியும் சேர்ப்பீர்களா என்று. “சேர்ப்பேன், ஆனால் சேர்க்கிற அன்றைக்கே கேட்பேன்” என்றார். நானும் அதையேதான் ஓர்ப்படியாளிடம் சொன்னேன். மதத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தமிழ் எந்த வகுப்பு வரை இருக்கிறது, ஆசிரியர் நிரந்தரமானவரா, மேல் வகுப்பில் தமிழோடு எந்தப் பாடம் மோதுகிறது என்று கேள். பதிலை எழுத்தில் வாங்கு. தனியாகக் கேட்காதே, அந்த வருடம் சேர்கிற தமிழ்ப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களைச் சேர்த்துக்கொண்டு கேள்.

அவள் உடனே கிளம்பிவிட்டாள். தமிழுக்குத் தனிக் கட்டம் ஒதுக்கும்படி ரெக்டருக்கு ஒரு கடிதம் பிரெஞ்சில் அவள் எழுத, கீழே அதையே நான் தமிழில் எழுதினேன். இதுவரை பதினொரு கையெழுத்து. இன்னும் நான்கு வீடு பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை கோயில் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேருமாகப் போகிறோம்.