சின்னக் குழந்தைக்குக் கடலைக் காட்ட எது நல்லது: அக்வேரியமா, மீன் கடையா, கடற்கரையா?

மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குக் கடல் உயிர்களைக் காட்ட வேண்டும் என்றதும் சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது அக்வேரியம்தான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை என்றால், என் ஓட்டு மீன் கடைக்கு.

அக்வேரியத்தை மட்டம் தட்டவில்லை. மீன் எப்படி நீந்துகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த விஜிபி மரைன் கிங்டத்தின் கண்ணாடிச் சுரங்கத்தில் நடந்தால், தலைக்கு மேலேயே மீன்கள் போகும். ஆனால் ஒரே நடையில் இத்தனை தொட்டிகள் இந்த வயதுக்குத் தாங்காது. கொஞ்ச நேரத்தில் எல்லாமே வெறும் 'மீன்' ஆகிவிடும். டிக்கெட் செலவும் உண்டு.

மீன் கடையில் குழந்தை கையாலேயே தெரிந்துகொள்ளும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். "அக்கா, செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன்" என்று கேட்டால் போதும், உள்ளே சிவப்பாக, சீப்புப் பற்கள் போல அடுக்கடுக்காக இருப்பது தெரியும். மீன் மூச்சு விடுவது அதில்தான். சங்கராவின் செதிலைத் தடவிப் பார்க்கட்டும். நாக்கு மீன் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு இரண்டு கண்களும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். வளர வளர ஒரு கண் மறுபக்கம் நகர்ந்துவிடும். மணலில் ஒருக்களித்துப் படுத்தே வாழும் மீனுக்கு அதுதான் வசதி. அப்புறம் ஓட்டுக் கணவாய்: அதற்குள் இருக்கும் வெள்ளை ஓட்டை வாங்கி வந்து கழுவிக் காயவைத்துத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். அதன் நுண்ணிய அறைகளில் நீரையும் காற்றையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலும் கீழும் போகிறது.

"இது செத்துப்போச்சா?" என்று குழந்தை கேட்கும். ஆமாம் என்றே சொல்லுங்கள். நாற்றமோ ரத்தமோ பிடிக்காமல் முகம் சுளித்தால், கட்டாயப்படுத்தாமல் கிளம்பிவிடுவதே சரி.

கடற்கரைக்குச் செலவில்லை, ஆனால் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில நாள் அதே கணவாய் ஓடு கரை ஒதுங்கியிருக்கும். நண்டு வளைக்குப் பக்கத்தில் ஆடாமல் உட்கார்ந்தால், குச்சிமேல் வைத்தது போன்ற இரண்டு கண்கள் முதலில் எட்டிப் பார்க்கும். இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் கடலில் இழுப்பு அதிகம், அதனால் அலைக்குள் இறக்க வேண்டாம். கரையில் கிடக்கும் சொறி மீனைத் தொடவிடாதீர்கள், செத்த பிறகும் கொட்டும்.

பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி இரவில் கரையோரம் நடக்கிறார்கள். அந்த நடை சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. ஆனால் பொரிப்பகத்துக் குஞ்சுகளை மாலையில் கடலுக்கு விடுவதைக் கூட்டிப்போய்க் காட்டலாம். செல்போன் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் தெரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.