கிளாக்கோமா பரிசோதனை: விழித்திரைப் படமா, ஓசிடி ஸ்கேனா?

"கண்ணை போட்டோ எடுத்தால் போதுமா, ஸ்கேனும் வேணுமா?" என்று குழம்புபவர்களுக்காக இது. கிளாக்கோமா என்பது பார்வை நரம்பைச் சிதைக்கும் கண் நோய்; பெரும்பாலும் வலிக்காது. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. அறிகுறி வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

செலவு: படம் மலிவு, கையடக்கக் கேமராவே வந்துவிட்டது. ஓசிடி என்பது ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் பார்க்கும் ஸ்கேன்; அதன் இயந்திரம் விலை அதிகம்.

எளிமை: இரண்டும் சில நிமிட வேலை. படத்துக்குச் சில சமயம் கண்மணி விரிய சொட்டு மருந்து விடுவார்கள். கண்புரை முற்றியிருந்தால் இரண்டுமே மங்கலாகத்தான் வரும்.

எதைக் காட்டும்: பார்வை நரம்புத் தட்டின் (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டமான இடம்) நடுக்குழி எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது படத்தில் தெரியும். இரு கண்களின் குழி விகிதமும் (தட்டின் அகலத்தில் குழி எவ்வளவு பங்கு என்பது) 0.2க்கு மேல் வேறுபட்டால் சந்தேகப்பட வேண்டும். தட்டின் ஓரத்தில் தீக்கொழுந்து போன்ற மெல்லிய ரத்தக்கீற்று இருந்தால் படத்தில்தான் பிடிபடும், ஓசிடி தவறவிடும். ஓசிடியின் பலம் வேறு: நரம்பிழை அடுக்கின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்து சொல்லும்.

நம்பகம்: பிறவியிலேயே பெரிய குழி உள்ளவரைப் படம் வீணாகப் பயமுறுத்தும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவருக்கு நோயே இல்லாமலும் ஓசிடி அறிக்கை சிவப்பில், அதாவது இயல்பைவிட மெலிவு என்று, வரலாம்.

பலரை ஒரே நாளில் பார்க்க வேண்டிய முகாமுக்குப் படமே என் தேர்வு. சந்தேகத்தில் இருப்பவருக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் உள்ளவருக்கும் ஓசிடி. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும். எதுவானாலும் கண் அழுத்தமும் பார்வைப் புலமும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பது) தனியே பார்த்தாக வேண்டும். அழுத்தம் இயல்பான அளவில், அதாவது 21 மி.மீ. பாதரசத்துக்குள், இருந்தும் நோய் வருவதுண்டு.