ரோட்டரியா, டிஏவா: செங்கோட்டைத் தூசியில் ஓடும் காருக்கு எந்த பாலிஷ் மெஷின்?

பாலிஷ் மெஷின் வாங்கப் போனபோது முன்னால் இருந்தவை இரண்டு. பெயின்ட் பட்டறைகளில் வழக்கமாக இருக்கும் ரோட்டரி ஒன்று, டிஏ எனப்படும் டூயல் ஆக்‌ஷன் இன்னொன்று. நான் வாங்கியது 15 மி.மீ. டிஏ. இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ரோட்டரியில் பேட், அதாவது பெயின்ட்டைத் தேய்க்கும் மெத்தை, ஒரே அச்சில் சுற்றும். டிஏவில் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும்; 15 மி.மீ. என்றது அந்த ஆட்டத்தின் அகலம். ரோட்டரி வேகமாக வெட்டும் (தேய்த்தெடுக்கும்), விலையும் குறைவு. டிஏவில் நேரம் ஆகும், ஆனால் புதுக் கைக்கும் பயமில்லை. இதெல்லாம் தெரிந்த கதை.

நம் பக்கத்துப் பாடு வேறு. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் எஸ் வளைவில் ஊர்ந்துவிட்டு வந்தால் பானெட் முழுக்கப் பொடி. சாரல் மாதத்துத் தூறல் அதைக் கழுவாது, ஒட்டவைத்துவிட்டுப் போகும். அந்த நேரம் பார்த்து யாராவது காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் மின்னும். இன்று கண்ணாடி மாதிரி ஆக்கினாலும் இந்த ரோட்டில் கீறல் திரும்ப வரும், மெஷினையும் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். அதனால் நான் பார்த்த கணக்கு ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாத அடுக்கில், எவ்வளவு போகிறது?

கம்பெனி பெயின்ட்டில் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து இறக்குகிறது. போனது போனதுதான். வெயிலைத் தடுக்கும் சரக்கும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அது மெலிந்தால் சில வருடங்களில் ரூஃபும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும்.

ரோட்டரியில் கம்பளி பேட் போட்டு கம்பவுண்ட் (ஃபைன் பாலிஷைவிடக் கரகரப்பான பேஸ்ட்) ஓட்டினால் கீறல் சட்டென்று போகும். ஆனால் கறுப்பு வண்டியைச் சாயங்கால வெயிலில் சாய்வாகப் பாருங்கள். கை போன வழியெல்லாம் ஹோலோகிராம் எனப்படும் மெல்லிய தேய்ப்புத் தடம் நெளியும். அதை எடுக்க இன்னொரு தடவை தேய்க்க வேண்டும், கிளியர் இன்னும் கொஞ்சம் போகும். பானெட் மடிப்பு, கதவு விளிம்பு போன்ற இடங்களில் சூடு ஒரே புள்ளியில் ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் பெயின்ட் எரிந்துவிடும். டிஏவிலும் விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டத்தான் வேண்டும், ஆனால் அந்த அளவு ஆபத்து இல்லை. முதலில் மென்மையான ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் போட்டு ஓரடிச் சதுரத்தில் பார்க்கிறேன். அதிலேயே போதுமென்றால் கம்பவுண்டைத் திறப்பதே இல்லை.

டிஏவில் ஒரு சங்கடம் உண்டு. அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிடும், வெறுமனே அதிரும். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது, நின்றுவிட்டால் கையை இலேசாக்குங்கள். கியர் வைத்த டிஏவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதை நான் கொஞ்ச நேரம்தான் பிடித்திருக்கிறேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை.

ரோட்டரிக்கும் இடம் உண்டு. புதிதாக பெயின்ட் அடித்த பேனலில் வாட்டர் பேப்பர் (ஈர உப்புத்தாள்) தடத்தை எடுக்க அதுதான் வேகம், அதுவும் பழகிய கையில். ஆங்கிள் கிரைண்டரில் கம்பளியை மாட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ரோட்டரி பாலிஷ் மெஷின் நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுக்குள் ஓடுவது, சின்ன கிரைண்டர் 10,000ஐத் தாண்டும்.

டிஏ வாங்குபவர்கள் பேடுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பேடின் நடுப்பகுதி சூடேறி வெல்க்ரோ பசை விட்டுவிடும். ஒரே பேடில் முழு வண்டியையும் ஓட்டாமல் இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றினால் பேடும் நீடிக்கும், வெட்டும் ஒரே சீராக இருக்கும்.