வெள்ளை வேட்டியில் சாம்பார்க் கறை: குளோரினா, ஆக்சிஜனா, வெயிலா?

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியிலோ சட்டைக் கையிலோ சாம்பார் ஒரு துளியாவது தெறித்திருக்கும். அந்தக் கறையைப் போக்குவதற்கு இன்று வீடுகளில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: குளோரின் பிளீச்சில் ஊறவைப்பது, ஆக்சிஜன் பிளீச் பொடியில் ஊறவைப்பது, துவைத்து ஈரத்தோடு வெயிலில் போடுவது. எலுமிச்சை, வினிகர், ஆப்பச் சோடா ஆகிய சமையலறைப் பொருள்களை நம்புகிறவர்களும் உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியைப் பொறுத்தவரை வெயிலுக்கே முதலிடம் தர வேண்டும் என்பதும், குளோரினைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கறையின் தன்மையிலிருந்தே தொடங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாம்பார்க் கறை பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே எண்ணெயும் சாயமும் சேர்ந்திருக்கின்றன. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை; எண்ணெயில் கரையும், ஆல்கஹாலில் கரையும். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரையும் நிறமிதான். ஆகவே தாளிப்பு எண்ணெய் இந்த நிறங்களைச் சுமந்துகொண்டு போய் நூலிழைக்குள் இறக்கிவிடுகிறது. வெறும் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் கறை விரிவதற்கு இதுவே காரணம். இன்னொரு குணமும் குர்குமினுக்கு உண்டு. சோப்பு போன்ற காரப் பொருள் பட்டவுடன் அது செம்பழுப்பாக மாறும். சோப்புப் போட்டதும் கறை இரத்தச் சிவப்பாகத் தெரிவதைக் கண்டு பதறத் தேவையில்லை. துணிக்கு எதுவும் ஆகிவிடவில்லை, சாயம் காரத்தைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவே.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எண்ணெயை முதலில் எடுத்தாக வேண்டும். பிளீச் நிறத்தை அழிக்கும். எண்ணெயைக் கழுவி வெளியேற்றாது. இழையில் தங்கிவிட்ட எண்ணெய் நாளடைவில் காற்றோடு சேர்ந்து தானே மஞ்சளிக்கும் என்பதால், போய்விட்டது என்று நினைத்த கறை பெட்டிக்குள் இருந்தபடியே திரும்பி வரும். பருப்பை ஒரு கரண்டியால் வழித்தெடுத்து, காகிதத்தால் ஒற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் கறையின் மேல் தடவிக் கால் மணி நேரம் விட்டு, கறையின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட வேண்டும். எண்ணெய்ப் பசை முழுவதும் போகும்வரை இதைத் திரும்பச் செய்வதில் சலிப்புக் கூடாது. கறை இருக்கும் துணியை இஸ்திரி போடவே கூடாது; அந்தச் சூட்டில் எண்ணெயும் நிறமும் இழையோடு இறுகிவிடும்.

குளோரின் பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். ஆலா போன்ற பெயர்களில் மளிகைக் கடைகளிலேயே கிடைக்கிறது, விலையும் குறைவு. வேகத்தில் இதற்கு இணையில்லை. மஞ்சள் நிறம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆனால் அது சாயத்தை மட்டும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. பருத்தி இழையின் செல்லுலோஸ் சங்கிலிகளையும் உடைக்கிறது. இந்தச் சேதம் அன்றே கண்ணில் படாது. பல முறை பிளீச் கண்ட வேட்டி, ஒரு நாள் மடிப்பில் நூலாகப் பிரிந்து கிழியும்போதுதான் தெரியும். கறை மேல் நேரடியாக ஊற்றுவது இன்னும் கெடுதல். அந்த இடம் நலிந்து பின்னால் ஓட்டையாகும். வேட்டியின் வண்ணக் கரை வெளுக்கும், வெள்ளிச் சரிகை கறுக்கும். சுருக்கம் விழாமலிருக்கப் பிசின் பூச்சுக் கொடுத்த சட்டைகள் குளோரின் பட்டு வெள்ளையாவதற்குப் பதில் மஞ்சளிப்பதும் உண்டு. கரையோ சரிகையோ இல்லாத, தூய வெள்ளைப் பருத்தித் துண்டு, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்கு மட்டும், நன்றாகத் தண்ணீர் கலந்து, சில நிமிடங்களுக்குள் எடுத்து அலசுவதாக இருந்தால் இதைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் இதற்கு வீட்டில் வேலை கொடுக்கக்கூடாது.

ஆக்சிஜன் பிளீச் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். வேனிஷ் போன்ற கறைநீக்கிப் பொடிகளின் வலிமை இதில்தான் இருக்கிறது. தண்ணீரில் போட்டவுடன் இது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. அந்தப் பெராக்சைடுதான் நிறத்தை அழிக்கிறது. வேலை முடிந்தபின் மிஞ்சுவது சலவைச் சோடாவும் தண்ணீரும் ஆக்சிஜனும் மட்டுமே என்பதால் மூச்சை அடைக்கும் நெடி இல்லை. பெரும்பாலான சாயங்களை இது விட்டுவைக்கிறது. கரை போட்ட வேட்டிக்கும், பூப்போட்ட பருத்திப் புடவைக்கும், குழந்தைகளின் பள்ளிச் சீருடைக்கும் குளோரினைவிட இது பல மடங்கு பொருத்தமானது. ஆனாலும் உள்மடிப்பில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முழுத் துணியையும் நனைக்க வேண்டும். இது பயனளிக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்தவர்களாக இருப்பார்கள். 40 முதல் 60 டிகிரி வரை சூடான தண்ணீரில் பொடியை முதலில் முழுவதும் கரைத்து, அதன் பிறகு துணியைப் போட்டு, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பழைய கறையாக இருந்தால் இன்னும் சில மணி நேரம் தேவைப்படும். மிஞ்சிய கரைசலை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்கவே கூடாது. ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருப்பதால் பாட்டில் வெடிக்கக்கூடும்.

இனி வெயில். குர்குமின் ஒளியில் சிதையும் பொருள், மிளகாய் நிறமியும் அப்படியே. ஆகவே எண்ணெய் நீங்கிய துணியை ஈரத்தோடு, கறைப் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, நண்பகல் வெயிலில் போட்டால் மஞ்சள் கண்முன்னே வெளிறுவதைக் காணலாம். காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போடுவது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலாக இருந்தால் பெரும்பாலும் ஒரு பகலிலேயே கறை மறையும், தவறினால் மறுநாள் மறையும். இழைக்குச் சேதம் மிகக் குறைவு, செலவு எதுவும் இல்லை. நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து, ஆற்று மணலிலும் புல்லிலும் உலர்த்தியதில் இந்த இரண்டு படிகளும் அமைந்திருந்தன: காரமும் நீராவியும் எண்ணெய் அழுக்கை எடுத்தன, மிஞ்சிய நிறத்தை வெயில் எடுத்தது. அந்த அறிவுக்கு உரிய மதிப்பு இன்றும் தரப்படவில்லை என்பது என் மனத்தாங்கல்.

வெயிலுக்கும் குளோரினுக்குமான போட்டி புதியதும் அல்ல. ஐரோப்பாவில் லினன் துணிகளை மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெளுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் காத்திருப்பையும் அதற்கு வேண்டிய நிலத்தையும் மிச்சப்படுத்தவே குளோரின் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799-இல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். ஆயிரக்கணக்கான கெஜம் துணியை வெளுத்து அனுப்ப வேண்டிய ஆலைக்கு அந்த அவசரம் நியாயமானது. ஒரே ஒரு வேட்டியைக் கையில் வைத்திருக்கும் வீட்டுக்கு அப்படி என்ன அவசரம்? ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும், மொட்டை மாடியோ வெயில் விழும் பால்கனியோ இல்லாத அடுக்குமாடிகளிலும் வெயில் கைகொடுக்காது என்பது உண்மைதான். அங்கே ஆக்சிஜன் பொடிக்கு முதலிடம் கொடுத்துவிடலாம்.

எலுமிச்சையும் வினிகரும் மஞ்சள் கறையை எடுப்பதாகத் தோன்றுவது ஒரு மயக்கம். சோப்பால் சிவந்த குர்குமின், புளிப்புப் பட்டதும் மறுபடி மஞ்சளாகிறது. செம்மை மறைவதைக் கறை மறைவதாக எடுத்துக்கொள்கிறோம். வினிகரையும் ஆப்பச் சோடாவையும் சேர்த்து நுரை பொங்கவைப்பதில் அந்தப் பயனும் இல்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, ஓர் உப்பும் தண்ணீரும் வாயுவுமாக முடிந்துவிடுகின்றன. இதைவிடக் கவலைக்குரிய பழக்கம், குளோரின் பிளீச் போட்ட துணியிலேயே எலுமிச்சையைப் பிழிவது. ஹைப்போகுளோரைட்டுடன் அமிலம் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளியேறும். கதவு மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மோனியா கலந்த திரவங்களையும் அதனோடு சேர்க்கக்கூடாது.

பட்டுக்கு இந்த வரிசை எதுவும் பொருந்தாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். குளோரின் அவற்றைக் கரைத்தே விடும். பெர்கார்பனேட்டின் காரமும் அவற்றுக்கு ஆகாது, வெயில் பட்டை மஞ்சளாக்கிச் சாயத்தையும் வெளிறச் செய்யும். பட்டுப் புடவையில் சாம்பார் சிந்தினால் முகப் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, தேய்க்காமல் தட்டிவிட்டு, இன்ன கறை என்று சொல்லி டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுவதே விவேகம்.

கறை மாறினாலும் வரிசை மாறும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீரே முதல் மருந்து. வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். பிறகு என்சைம் உள்ள சலவைத் தூளில் ஊறவைக்கலாம். வெள்ளைத் துணியாக இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு தண்ணீர் கலந்து தொட்டு வைக்கலாம். துருக் கறையில் நிலைமை முற்றிலும் தலைகீழ்: சாம்பாரிடம் தோற்ற எலுமிச்சையும் உப்பும் இங்கே வெல்கின்றன, குளோரின் துருவை இன்னும் ஆழமாகப் பதியச் செய்கிறது. இதனால்தான் இரும்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் பிளீச் போட்ட வெள்ளைத் துணி முழுவதும் பழுப்பேறுகிறது. பெராக்சைடும் இரும்பைச் சந்தித்தால் வீணாகச் சிதைவதோடு அந்த இடத்தில் பருத்தியையும் அரிக்கும். ஆகவே அத்தகைய வீடுகளில் மற்றத் துணிகளைப் போர்வெல் தண்ணீரில் துவைத்தாலும், பிளீச் கரைப்பதற்கும் அதன் பிறகான முதல் அலசலுக்கும் மட்டுமாவது இரும்பில்லாத குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ ஒரு வாளி ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.