லெகஸியா, யூஇஎஃப்ஐயா? உபுண்டு போடும் முன்

ஏற்காட்டு மாமா, எஸ்டேட் கணக்கு எழுதும் லேப்டாப்போடு சேலத்தில் என் வீட்டுக்கு வந்தார். விண்டோஸும் இருக்க வேண்டும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் வேண்டும். "பூட் மோடுன்னு ரெண்டு காட்டுதே கண்ணு, எதை வைக்கிறது?"

பூட் மோடு என்பது கணினி தொடங்கும் முறை. அதில் லெகஸி என்பது பழைய பயாஸ் வழி. பயாஸ் என்பது, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்மென்பொருள். வட்டின் முதல் 512 பைட்டில் உள்ள எம்பிஆர் என்ற தொடக்கப் பகுதியைப் படித்துத் தொடங்கும். அங்கே ஒரு பூட்லோடருக்குத்தான் (இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரலுக்குத்தான்) இடம். அடுத்து வருவது முந்தையதை அழித்துவிடும். மிகப் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மட்டும் போட இது போதும்.

பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ அப்படியில்லை. வட்டில் ஃபேட்32 என்ற கோப்பு வடிவில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் (தனிப் பகுதி) இருக்கும். அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். ஒன்றை ஒன்று மிதிக்காது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் விருப்பத்தைவிட முக்கியமானது, விண்டோஸ் ஏற்கெனவே எந்த மோடில் இருக்கிறது என்பது. உபுண்டுவும் அதே மோடில்தான் போக வேண்டும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தோம். 'பயாஸ் மோட்' வரியில் யூஇஎஃப்ஐ என்றிருந்தது. மாமா முந்தைய நாள் லெகஸிக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்ததும், கணக்கெல்லாம் போச்சு என்று ராத்திரி தூங்கவில்லையாம். பழையபடி மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது, பாவம்.

கையெழுத்திட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. உபுண்டு, டிஜிட்டல் கையெழுத்திட்ட பூட்லோடரோடுதான் வருகிறது. வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் மட்டும், எதையும் தொடும் முன் அதன் ரெக்கவரி கீயை (பூட்டைத் திறக்கும் எண்ணை) தாளில் எழுதி வையுங்கள்.