சீபேப் மாஸ்க்: மூன்று வகையும் போட்டுத் தூங்கியபின்

ஸ்லீப் ஆப்னியாவுக்காக, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்காக, வருடக்கணக்கில் சீபேப் மெஷினோடுதான் தூங்குகிறேன். மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் அது. மூக்கையும் வாயையும் மூடும் முழு முக மாஸ்க், மூக்கை மட்டும் மூடும் மூக்கு மாஸ்க், மூக்குத் துவாரத்தின் வாசலில் பொருந்தும் நேசல் பில்லோ மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எந்த மெஷின் நல்லது என்றுதான் மாய்ந்து மாய்ந்து தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், மெஷின் எதுவாக இருந்தாலும் காற்றைத் தள்ளும் வேலையைச் செய்துவிடும்; நடுராத்திரி அரைத்தூக்கத்தில் நம் கை தேடிப் பிடித்துக் கழற்றி எறிவது மாஸ்க்கைத்தான்.

எனக்கு முதலில் கொடுக்கப்பட்டது முழு முக மாஸ்க். குறட்டை விடுகிறவர் வாயைத் திறந்துதான் தூங்குவார் என்ற கணக்கில் பலருக்கும் அதையே கொடுக்கிறார்கள். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மூக்குத் தண்டிலிருந்து தாடை வரை ஓடும் அவ்வளவு நீளமான விளிம்பு முழுக்கக் காற்றுப் புகாமல் நிற்க வேண்டும். தூக்கத்தில் தாடை கொஞ்சம் தொங்கினாலே ஒரு பக்கம் திறந்துகொள்ளும், அந்தக் காற்று நேராகக் கண்ணுக்குள் அடிக்கும், காலையில் கண் சிவந்து உறுத்தும். இன்னொன்றும் உண்டு: பட்டை கீழ்த்தாடையைப் பின்பக்கமாகத் தள்ளுவதால் தொண்டை இன்னும் குறுகலாம், அதனால் சிலருக்கு மூக்கு மாஸ்க்கைவிட இதில் அதிக அழுத்தம் தேவைப்படுகிறது.

இந்தச் சிகிச்சை ஆரம்பித்ததே மூக்கு வழியாகத்தான். சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது பற்றியது. அந்தக் காலத்தில் மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் சிலிக்கான் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்களாம். இன்றைக்கு நாம் பட்டையைப் பற்றிப் புலம்புகிறோம்!

சரி, பொருத்தம் பார்ப்பது எப்படி? உட்கார்ந்தபடி, மெஷினை அணைத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து மாட்டினால் எல்லா மாஸ்க்கும் பொருந்துவது மாதிரிதான் தெரியும். படுத்ததும் கன்னச் சதை பக்கவாட்டில் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். அதனால் படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, உங்களுக்கு எழுதிக்கொடுத்த அழுத்தம் வந்த பிறகு பாருங்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் ரேம்ப் வசதியைப் போட்டிருந்தால் மெஷின் 4 (அளவு செ.மீ. நீரழுத்தத்தில்) மாதிரிக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கும், அதில் கசியாத மாஸ்க் 12-க்கு ஏறும்போது விசில் அடிக்கும். சில மெஷின்களில் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் சோதனை இருக்கிறது, அதை ஓட்டினால் போதும்.

முக்கியமான விஷயம், பட்டையை இறுக்குவதால் கசிவு நிற்காது. சிலிக்கான் குஷனின் உள் மடிப்பு காற்றில் உப்பி, காற்றுத் தலையணை மாதிரி முகத்தில் படிந்து நிற்கும்படி செய்தது. இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி, சுருக்கம் விழுந்த இடத்தில் புதிதாகக் கசியும், உடனே இன்னும் இறுக்குவோம், காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. நான் செய்வது இதுதான்: எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு, காற்று ஓடும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து மறுபடி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கசிவு நின்ற இடத்தில் விட்டுவிடுவேன். அப்புறம் இடம் வலம் புரண்டு பார்ப்பேன். இவ்வளவு செய்தும் நிற்கவில்லை என்றால் அளவு தப்பு, அல்லது அந்த வகையே உங்கள் முகத்துக்கு ஆகாது.

அளவு விஷயத்தில், முகம் பெரிதாக இருந்தால் பெரிய மாஸ்க் என்று நினைக்காதீர்கள். மூக்கு மாஸ்க்குக்கு மூக்கின் அகலம்தான் கணக்கு. இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் மூக்கு மாஸ்க்கில் சின்னது எனக்குச் சரியாக இருந்தது. நேசல் பில்லோவில் நேர்மாறு. சின்னது துவாரத்துக்குள் ஏறிப் புண்ணாக்கியது, ஓர் அளவு பெரிதாகப் போட்டதும் வாசலோடு நின்றுகொண்டது.

இப்போது பில்லோதான் போடுகிறேன், ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்ஃபிட் பி10 வகை. முகத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், மீசையும் பெரிதாகத் தடை இல்லை. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இதையோ, குழாய் உச்சந்தலையில் இணைகிற வகையையோதான் சொல்வேன். குறை இல்லாமல் இல்லை. அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குக் காற்று மூக்குக்குள் பீய்ச்சுவது பிடிக்காது. வாய் திறந்தால் காற்றெல்லாம் அந்த வழியே போய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் அளவுக்கு வறண்டுவிடும். வாயை மூடிவைக்கும் தாடைப் பட்டை எனக்கு உதவவில்லை. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டியதும், படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே போட்டு மூக்கைத் திறந்துவிட்டதும்தான் உதவின. மூக்கு அடைப்பே இல்லாதபோது வாய் தானாகவே மூடிக்கொண்டது.

மாஸ்க் வகையை மாற்றினால் மெஷின் செட்டிங்கிலும் அதை மாற்றுங்கள், கசிவைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று போகும், அது நாம் விட்ட மூச்சு வெளியேறும் வழி, கோளாறு என்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள். ரெஸ்மெட் மெஷின்களில் அதற்கு மேல் நிமிடத்துக்கு 24 லிட்டர் வரையிலான கசிவு பரவாயில்லை.

காந்தக் கிளிப் மாஸ்க் மாட்டக் கழற்ற வசதி. ஆனால் உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் இருந்தால் வேண்டவே வேண்டாம். மாஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளான பிலிப்ஸ் 2022-லும் ரெஸ்மெட் 2023-லும் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. காந்தம் இல்லாத மாடல்களும் கிடைக்கின்றன.

நன்றாக இருந்த மாஸ்க் திடீரென்று கசிய ஆரம்பித்தால் முதலில் குஷனைத் தொட்டுப் பாருங்கள். முகத்து எண்ணெய் பட்டுப் பட்டு சிலிக்கான் தொளதொளத்துப் போகும். தினமும் மென்மையான சோப்பில் அலசி, முகம் கழுவிவிட்டுப் படுத்தால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும், ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

முழு முகத்திலிருந்து மூக்குக்கு மாறுகிறவர்கள் சில வாரங்கள் கழித்து மெஷினில் பதிவானதை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு, 5-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அழுத்தத்தைக் குறைக்கவும் இடம் இருக்கலாம். எனக்குக் குறைத்தார்கள், வயிற்றில் காற்று ஏறிக் காலை முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது அதோடு நின்றது.