இலைக்குள் வாழும் பூஞ்சை: தீர்மானிப்பது பருவமா, இடமா?

ஒரே மரத்தின் இலைகளை மழைக்காலத்திலும் வறண்ட பருவத்திலும் பறித்து, 70 சதவீத எத்தனாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கியெடுத்து மேற்பரப்புக் கிருமிகளைக் கொன்று, துண்டுகளாக்கி, பூஞ்சை வளர்க்கும் ஊடகத் தட்டில் வைத்தால், பெரும்பாலும் மழைக்காலத் துண்டுகளிலிருந்துதான் பூஞ்சை இழைகள் அதிகம் எட்டிப்பார்க்கும். பூஞ்சையின் வித்துகளைத் தெறிக்கவிடுவதும் அவை முளைக்க ஈரம் கொடுப்பதும் மழைதானே. ஆனால் தளிரில் பூஞ்சை குறைவு, முற்றிய இலையில் அதிகம். இலையின் வயதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் பருவத்தின் தலையில் கட்டுவது அவசரம்.

இடம் வேறு மாதிரி. அக்கம்பக்கத்து மரங்கள், உயரம், ஈரப்பதம் மாறினால் குடியேறும் இனங்களே மாறும். கொலெட்டோட்ரைக்கம் போன்ற சில பூஞ்சைகள் மட்டும் எங்கும் தலைகாட்டும்.

எண்ணிக்கைக்குப் பருவம், இனக்கலவைக்கு இடம் என்பது என் கணிப்பு. விதை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும் எபிக்ளோயி என்ற புல்வாழ் பூஞ்சைக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.